ரோகு தின்னும் புண்ணாக்கும் நாம் தின்னும் ரோகுவும்

ரங்கூன் சான்பியா மீன் சந்தையில் விடியுமுன் வந்து இறங்கும் வளர்ப்பு மீன்களில் பெரும்பகுதி ரோகுதான். பர்மியர் ஙாமிச்சின் என்று கேட்டு வாங்கும் அந்த மீன், ஐராவதிக் கழிமுகத்தில் ஒரு காலத்தில் நெல் மட்டுமே விளைந்த நிலங்களில் வெட்டப்பட்ட குளங்களிலிருந்து வருகிறது. துவான்டே வட்டாரத்தில் எங்கள் குடும்பத்துக்கும் அப்படிச் சில குளங்கள் இருக்கின்றன. தீனிக்கான சரக்கைப் பார்த்து வாங்குவது, இடிப்பது, ஊறவைப்பது, கலப்பது ஆகிய வேலைகள் பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கின்றன. புதிதாகக் குளம் எடுக்கும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, மீன்தூள் சேர்க்காமல் மீன் வளர்க்க முடியுமா, அப்படி வளர்த்த மீனில் சத்து இருக்குமா என்பதைத்தான். ரோகுவைப் பொறுத்தவரை, குஞ்சுப் பருவம் தாண்டிவிட்டால், இரண்டுக்கும் என் பதில் ஆம் என்பதே. ஆனால் எந்தப் புண்ணாக்கை எதனோடு சேர்க்கிறோம், அது எவ்வளவு புதியது, குளத்துத் தண்ணீர் என்ன நிலையில் இருக்கிறது ஆகிய மூன்றையும் பார்க்காதவருக்கு அந்தப் பதில் பொருந்தாது.

எல்லா மீனுக்கும் ஒரே கணக்குப் போட முடியாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கொடுவா மீன் இரை பிடித்துத் தின்னும் இனம். அதன் தீனியில் புரதம் 45 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், அதில் கணிசமான பகுதி மீனிலிருந்தோ வேறு உயிரிலிருந்தோ வரவேண்டும். ரோகு, கட்லா, மிர்கால் ஆகிய கெண்டை இனங்கள் அப்படிப்பட்டவை அல்ல. இவற்றுக்கு இரைப்பை என்ற உறுப்பே கிடையாது. நீண்ட குடல் மட்டுமே உண்டு. பாசியையும் அழுகிய இலைதழையையும் தின்று பழகிய குடல் அது. குஞ்சுப் பருவத்தில் 35 சதவீதம் வரையும், வளர்ந்தபின் 25 முதல் 30 சதவீதம் வரையும் புரதம் இருந்தால் இவை நன்றாக வளரும், அந்தப் புரதத்தைச் செடிகளிலிருந்து பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும்.

மீன்தூளைக் குறைக்க நான் விரும்புவதற்கு விலை மட்டும் காரணம் அல்ல. ஒரு கிலோ மீன்தூள் செய்ய நான்கு முதல் ஐந்து கிலோ பச்சை மீன் வேண்டும். உலகச் சந்தைக்கு வரும் மீன்தூளில் கணிசமான பங்கு பெரு நாட்டுக் கடலின் நெத்திலி வகையிலிருந்து வருகிறது. கடல் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் அங்கே மீன் குறைந்துவிடும். 2023ல் அந்த நாட்டின் முக்கியக் கடற்பகுதியில் முதல் மீன்பிடிப் பருவத்தையே நிறுத்திவைத்தார்கள். அதன் விளைவு கழிமுகத்துக் குளக்காரர்கள் வரைக்கும் விலையாக வந்து சேர்ந்தது. உள்ளூரில் கிடைக்கும் பொடி மீனும் கூனி இறாலும் ஏழை வீடுகளில் கருவாடாகவும், ஙாப்பி என்ற புளித்த மீன் விழுதாகவும் சோற்றோடு சேர்பவை. அவற்றை அரைத்து, தவிடும் புண்ணாக்கும் தின்று வளரக்கூடிய ஒரு மீனுக்குப் போடுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

கையால் போடும் தீனியைப் பற்றிப் பேசுமுன் குளம் தானே தரும் தீனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாணமும் உரமும் அளவோடு இட்ட குளத்தில் தண்ணீர் இளம்பச்சையாக மாறும். அந்தப் பச்சையைத் தின்று கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் பெருகும். புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களில் மீனுக்கு வேண்டிய எல்லாமே அவற்றில் உண்டு. என் பெரியப்பா படித்தவர் அல்லர். கரையில் நின்று முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, உள்ளங்கை மங்கலாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, "தண்ணி பச்சையா இருந்தா பாதித் தீனி அதுலயே இருக்குடா, மிச்சப் பாதிக்குத்தான் நீ மூட்டையைப் பிரிக்கணும்" என்பார். இது பெரும்பாலும் உண்மை. குறைந்த எண்ணிக்கையில் மீன் விட்ட குளத்தில் வெறும் தவிடு போட்டாலே ஓரளவு வளர்ச்சி கிடைப்பதற்குக் காரணம், தவிட்டில் இல்லாததைத் தண்ணீர் ஈடுகட்டிவிடுவதுதான். ஏக்கருக்கு விடும் குஞ்சுகளின் எண்ணிக்கை கூடக்கூட, ஒவ்வொரு மீனுக்கும் கிடைக்கும் சிற்றுயிரின் பங்கு குறைகிறது. அப்போதுதான் புண்ணாக்கில் உள்ள குறை வெளியே தெரிகிறது. பக்கத்துக் குளத்தில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டு நன்றாக வந்ததே, நமக்கு ஏன் வரவில்லை என்று வியப்பவர்கள் முதலில் இரண்டு குளங்களிலும் விட்ட குஞ்சின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தீனியில் புரதம் எத்தனை சதவீதம் என்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். மூட்டையில் 28 என்று அச்சிட்டிருந்தால் அது தீனியில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிய எண். அந்தப் புரதம் எதனால் ஆனது என்பதை அது சொல்லாது. கெண்டை இனங்களுக்குத் தின்னும் புரதத்தில் ஏறக்குறைய 5.5 முதல் 6 சதவீதம் லைசின் என்ற அமினோ அமிலமாக இருக்க வேண்டும். கடலைப் புண்ணாக்கின் புரதத்தில் அது 3.5 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. எள்ளுப் புண்ணாக்கில் அதைவிடவும் குறைவு. ஆனால் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் எள்ளில் நிறைய உண்டு. சோயாவில் லைசின் 6 சதவீதத்தைத் தாண்டும், மெத்தியோனின் குறையும். ஒன்றில் இல்லாததை மற்றொன்று தருவதால் இந்த மூன்றையும் சேர்த்துப் போடும்போது கிடைக்கும் பலன், அதே எடைக்குக் கடலைப் புண்ணாக்கை மட்டும் கொட்டினால் கிடைக்காது. இட்லிக்கு அரிசியோடு உளுந்தைச் சேர்ப்பதும் புரதக் கணக்கில் இதே காரியம்தான்.

நான் வளர்ந்த மீனுக்குக் கலக்கும் அளவைச் சொல்கிறேன். 100 வீசைத் தீனிக்கு (வீசை என்பது இங்குள்ள எடை அளவு) தவிடு 50, கடலைப் புண்ணாக்கு 20, சோயா புண்ணாக்கு 20, எள்ளுப் புண்ணாக்கு 10. தவிட்டில் 12, கடலையில் 42, சோயாவில் 44, எள்ளில் 38 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொண்டால் மொத்தத்தில் 27 சதவீதம் வருகிறது. சோயாவில் 5 வீசையைக் குறைத்து, 50 சதவீதம் புரதமுள்ள கருவாட்டுத் தூளை 5 வீசை சேர்த்தால் 27.3 ஆகிறது. அதாவது, புரத அளவில் கருவாட்டுத் தூள் கூட்டிக்கொடுப்பது மிகச் சிறிதே. குஞ்சுப் பருவத்தில் மட்டும் நான் அந்த 5 வீசையை விடுவதில்லை. மீனின் வாசனைக்குக் குஞ்சுகள் விரைந்து வாய் வைக்கின்றன, அந்த வயதில் அமினோ அமிலங்களின் தேவையும் கூடுதல். விரல் நீளம் தாண்டி நன்றாகத் தேறிய பின் நிறுத்திவிடுகிறேன். உளுந்து, துவரை உடைக்கும் ஆலைகளில் கிடைக்கும் பொட்டு எனப்படும் தோலையும் குருணையையும் தவிட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம். பருப்பு ஏற்றுமதி செய்யும் நாட்டில் இருக்கிறோம், ரங்கூன் ஆலைகளில் அது மலிவாகக் கிடைக்கும் பருவத்தை விடக்கூடாது. பயறு வகைகளில் லைசின் நன்றாகவே உண்டு என்பதால் இது வெறும் சிக்கன ஏற்பாடு ஆகாது.

சோயாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். எண்ணெய் எடுத்து, வறுத்துப் பக்குவப்படுத்திய புண்ணாக்கு வேறு, ஷான் மாநிலத்திலிருந்து வரும் பச்சைச் சோயா மொச்சை வேறு. பச்சை மொச்சையில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது. அரை மணி நேரமாவது நன்றாக வேகவைத்தால்தான் அது அழியும். மலிவாகக் கிடைத்தது என்று அப்படியே அரைத்துப் போட்டால் மீன் தின்னும், ஆனால் உடம்பில் சேராது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் காசிபோல் என்ற நஞ்சு உண்டு. மத்திய வறள் நிலப் பகுதியிலிருந்து வரும் அந்தச் சரக்கை நான் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்ப்பதில்லை, குஞ்சுகளுக்கு அறவே போடுவதில்லை.

தாவரத் தீனியில் பலர் கவனிக்காத இன்னொரு விஷயம் பாஸ்பரஸ். எலும்பும் செதிலும் தேற அது வேண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் அதில் மிகப்பெரும் பங்கு பைட்டேட் என்ற கட்டுக்குள் சிக்கியிருக்கிறது. மீனின் குடலால் அந்தக் கட்டை அவிழ்க்க முடியாது. துத்தநாகத்தையும் அதே பைட்டேட் பிடித்துவைத்துக்கொள்ளும். மீன்தூளில் எலும்பு இருக்கிறதே, அதிலிருந்து கிடைக்காதா என்று கேட்பார்கள். இரைப்பை இல்லாத கெண்டைக்கு அமிலச் சுரப்பும் இல்லை. எலும்பில் உள்ள பாஸ்பரஸைக் கரைக்க அந்த அமிலம் வேண்டும். ஆகவே ரோகுவுக்கு மீன்தூள் போட்டாலும் இந்தக் குறை அவ்வளவாகத் தீராது. தண்ணீரில் கரையும் மோனோகால்சியம் பாஸ்பேட்டை 100 வீசைக்கு ஒரு வீசை அளவில் சேர்ப்பதே நேரான வழி. அதோடு கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கும் தாது உப்புக் கலவையையும் நான் சேர்க்கிறேன். செரிக்காத பாஸ்பரஸ் வீணாகப் போவதோடு நின்றுவிடுவதில்லை. மலத்தோடு தண்ணீரில் சேர்ந்து பாசியை அளவுக்கு மீறிப் பெருக்கி, விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடும் நிலைக்கு அது கொண்டுவிடும். முதல் நாள் மாலையில் புண்ணாக்கையும் தவிட்டையும் பீப்பாயில் ஊறவைத்து, இலேசாகப் புளிக்கவிட்டு, காலையில் உருண்டை பிடித்துப் போடும் பழைய வழக்கத்துக்கு இங்கேதான் பொருள் இருக்கிறது. ஊறிப் புளிக்கும்போது பைட்டேட்டின் ஒரு பகுதி தானாகவே உடைகிறது, மீனுக்கும் செரிமானம் எளிதாகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் அஞ்சுவது பூஞ்சணத்தைத்தான். கடலை விளைவது மகுவே, மண்டலை ஆகிய வறண்ட பகுதிகளில். அங்கே செக்கிலிருந்து இறங்கும் புண்ணாக்கு காய்ந்த சரக்கு. அது படகிலும் லாரியிலும் கழிமுகத்துக்கு வந்து, ஜூன் முதல் அக்டோபர் வரை ஓயாமல் மழை பெய்யும் இந்த ஊரில் கொட்டகைத் தரையில் கிடக்கும்போதுதான் கெடுகிறது. சில வகைப் பூஞ்சணங்கள் அதில் வளர்ந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கெட்டுப்போன கடலைப் புண்ணாக்கைத் தின்று இறந்தபோதுதான் இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்தது. அதே காலத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் டிரவுட் மீன்களுக்குக் கல்லீரலில் கட்டி வந்ததற்கும் பூஞ்சணம் பிடித்த தீனியே காரணம் என்று பின்னர் கண்டார்கள். கொதிக்கவைத்தாலும் ஊறவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. பூஞ்சணத்தைத் தட்டி உதறிவிட்டு, வெயிலில் காயவைத்துப் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வாங்கும்போது மூட்டையின் வாயில் உள்ள சில்லுகளைப் பார்த்தால் போதாது. மூட்டையின் நடுவிலிருந்து ஒரு சில்லை எடுத்துக் கையால் உடைக்க வேண்டும். நல்ல புண்ணாக்கு படக்கென்று முறியும். முறிந்த இடம் ஒரே நிறமாக, வறுத்த கடலையின் மணத்தோடு இருக்கும். ஈரம் ஏறியது முறியாமல் வளையும், அல்லது பிட்டுபோல உதிரும். உள்ளே நரம்பு நரம்பாக மஞ்சள் கலந்த பச்சை ஓடும். மூக்கருகே கொண்டுபோனால் பூட்டிவைத்த அறையின் வாடை அடிக்கும். அப்படி ஒரு சில்லு கிடைத்தாலும் அந்த மூட்டையை நான் வாங்குவதில்லை. கண்ணுக்குப் பூஞ்சணம் தெரியாத சரக்கிலும் நஞ்சு இருக்கக்கூடும் என்பதால், மழைக்காலத்தில் கடலையின் பங்கைக் குறைத்து, சோயாவையும் எள்ளையும் கூட்டிக்கொள்கிறேன். மழை தொடங்குமுன் மூன்று நான்கு மாதச் சரக்கை மொத்தமாக வாங்கி அடுக்குவது விலையில் ஆதாயமாகத் தெரியும். சத்துக் கணக்கிலும் மீனின் உடல்நலத்திலும் அது நட்டம். பதினைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, தரையில் படாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குவதே சரி. மாதம் ஒருமுறை ஒரு மீனைக் கீறிக் கல்லீரலைப் பார்க்கிறேன். செம்பழுப்பாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டிய ஈரல் வெளுத்து மஞ்சளாக இருந்தால், தீனியை நிறுத்தி மூட்டைகளைச் சோதிப்பேன்.

தவிட்டுக்குக் கேடு வேறு விதமாக வரும். அரிசி தீட்டியதும் தவிட்டில் உள்ள நொதி அதன் எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். எண்ணெய் நீக்காத பச்சைத் தவிடு இந்த வெக்கையில் சில நாட்களிலேயே காறிவிடுகிறது. காறிய எண்ணெய் மீனின் உடம்பில் உள்ள வைட்டமின் ஈயைத் தின்றுவிடும். ஜப்பானில் பழைய பட்டுக் கூட்டுப்புழுக்களைத் தின்ற கெண்டைகளுக்கு முதுகுச் சதை கரைந்து உடம்பு கத்திபோல் மெலிந்துபோன நோய் வந்தது. செகோகே என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். காறிய கொழுப்பே அதற்குக் காரணம், வைட்டமின் ஈ சேர்த்தால் அதைத் தடுக்கலாம் என்று கண்டறிந்தார்கள். ஆலை அருகில் இருப்பவர்கள் அன்றன்று தவிடு வாங்கலாம். எங்களைப் போலத் தள்ளி இருப்பவர்களுக்கு எண்ணெய் நீக்கிய தவிடே பாதுகாப்பானது. உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்து முகர்ந்து பார்த்தால் காறல் வாடை உடனே தெரியும், நாக்கில் இட்டால் கசக்கும்.

தீனியை வாரி இறைப்பதைவிட, ஆந்திராவில் கொல்லேறு வட்டாரத்தில் செய்வதுபோலத் துளையிட்ட சாக்கில் நிரப்பி மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிடுவது நல்லது. மீன்கள் சாக்கை முட்டும்போது கழியின் நுனி ஆடும். ஆட்டம் எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்பதைக் கொண்டே பசியை அறியலாம். இரண்டு மணி நேரத்துக்குப் பின்னும் சாக்கில் பாதி இருந்தால் மறுநாள் குறைக்க வேண்டும். மீனின் எடையில் 2 முதல் 3 சதவீதம் என்பது பொதுக் கணக்கு. டிசம்பர், ஜனவரிக் குளிரிலும் மூட்டம் போட்ட நாட்களிலும் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு இருக்கக்கூடாது.

இனி, தின்பவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி. ரோகுவின் சதையில் புரதம் 17 சதவீதத்தை ஒட்டி இருக்கும். புண்ணாக்கு தின்றாலும் மீன்தூள் தின்றாலும் அதில் பெரிய வேறுபாடு வராது. மாறுவது கொழுப்பு. மீன் எந்தக் கொழுப்பைத் தின்கிறதோ அதன் சாயல் சதையில் ஏறும். நார்வே நாட்டுச் சால்மன் தீனியில் 1990ல் ஏறக்குறைய 90 சதவீதம் கடலிலிருந்து வந்த பொருள்கள். 2013க்குள் அது 30 சதவீதத்தை ஒட்டிக் குறைந்து, மிச்சம் சோயாவும் தாவர எண்ணெயுமாக மாறியது. ஸ்காட்லாந்துச் சால்மனில் இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் நீண்ட ஒமேகா 3 கொழுப்புகள் 2006க்கும் 2015க்கும் இடையில் பாதியாகிவிட்டன. நம் குளத்துக்கு இது அப்படியே பொருந்தாது. நன்னீர்க் கெண்டைகள் செடியில் உள்ள குட்டை ஒமேகா 3ஐ ஓரளவு நீண்டதாக மாற்றிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரின் சிற்றுயிர்களிலும் அந்தக் கொழுப்பு உண்டு. பாசியே இல்லாத தண்ணீரில் தவிட்டை மட்டும் திணித்துக் கொழுக்கவைத்த ரோகுவைக் கீறிப் பாருங்கள், குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு அப்பிக்கிடக்கும். எடை இருக்கும், அந்த நல்ல கொழுப்பு குறைந்திருக்கும். தண்ணீரைப் பச்சையாக வைத்திருக்கச் சொல்வது தின்பவருக்காகவும்தான்.

ரோகுவின் சதையில் எவ்வளவு முயன்றாலும் ஏற்ற முடியாத சத்துகளும் உண்டு. வைட்டமின் ஏ, கால்சியம் இரண்டும் தலையோடும் எலும்போடும் முழுதாகத் தின்னும் சிறு மீன்களில்தான் நிறைய இருக்கின்றன. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் உள்ள வீடுகளுக்கு இது முக்கியம். மோலா என்ற சிறு கெண்டையை ரோகுவோடு ஒரே குளத்தில் வளர்க்கலாம். வங்கதேசத்தில் இப்படிச் செய்கிறார்கள். அதற்குத் தனித் தீனி வேண்டாம், பாசியைத் தின்று குளத்திலேயே முட்டையிட்டுப் பெருகும். குளத்தைத் தயார் செய்யும்போது தேயிலை விதைப் புண்ணாக்கையோ இலுப்பைப் புண்ணாக்கையோ இட்டு எல்லாச் சிறு மீனையும் கொன்றுவிடுவது இங்கே வழக்கம். விரால் போன்ற கொன்றுண்ணிகளை ஒழிக்க அது தேவைதான். நஞ்சு தணிந்த பின் ரோகுக் குஞ்சோடு மோலாவையும் வாளி கணக்கில் விட்டுவிட்டால், சில மாதங்களுக்குப் பிறகு சிறு கண் வலையை ஓரமாக இழுத்து, பெரிய மீனைக் கலைக்காமல், வீட்டுக் குழம்புக்கு வேண்டியதை அவ்வப்போது எடுத்துக்கொள்ளலாம்.